மில் புகை: குடும்பக் குழுவில் பேசியது

*செவ்வாய் மாலை*

ரஞ்சி: சிவம் மாமா, கோபிக்க வேண்டாம். உங்கள் நெல் மில் புகையால் இன்றைக்கும் கொடியில் போட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. தட்டினாலும் போகவில்லை, தேய்த்தால் இன்னும் அப்பிக்கொள்கிறது. சின்னவனுக்கு இரண்டு நாளாக இழுப்பு.

சிவம் மாமா: உன்னோடு எனக்கு என்ன கோபம் மகள். பெரும்போக நெல் வந்து குவிந்து கிடக்கிறது, விடியக்காலை மூன்று மணிக்கே நெல் அவியல். உமி எரிக்கிற பொயிலரும் பழசு. புகைபோக்கியை உயர்த்தலாமா என்று யோசிக்கிறேன்.

ஜீவன் (சுவிஸ்): மாமா, உயர்த்தினால் அக்காவின் வளவில் விழுகிற கரி அடுத்த ஒழுங்கையில் விழும், அவ்வளவுதான். கறுப்புப் புகை என்றால் எரியாமல் போகிற உமி. மிஞ்சும் உமியைச் சூளைக்காரருக்கு விற்கிறீர்கள் அல்லவா, அந்தக் காசுதான் மேலே போகிறது.

சிவம் மாமா: அங்கே குளிருக்கு எரிக்கிற பொயிலரும் என்னுடையதும் ஒன்றா மருமகன்?

ஜீவன் (சுவிஸ்): ஒன்றில்லை மாமா. நான் பார்க்கிறது பெலட் பொயிலர். மரத்தூளை 6 மில்லிமீற்றர் தடிப்பில் அழுத்திச் செய்த குச்சி. ஈரம் 10 வீதத்துக்குள், முதல் தரம் என்றால் சாம்பல் 0.7 வீதத்தைத் தாண்டாது. உமியில் சாம்பலே 15, 20 வீதம் வரும். உங்களுக்குத்தான் பாடு கூட. ஆனால் நெருப்பு கேட்கிறது இரண்டிலும் ஒன்றுதான்: காய்ந்த விறகு, அளவான காற்று, அணையாமல் எரிய விடுவது.

ஜீவன் (சுவிஸ்): முதல் வருஷம் எங்கள் கட்டடப் பொயிலர் நாள் முழுக்கப் பற்றும், அணையும், திரும்பப் பற்றும். பற்றும்போதும் அணையும்போதும்தான் காபன் மொனொக்சைட்டும் நுண்தூசும் மோசமாக வருகிறது. அப்புறம் பெரிய வெந்நீர்த் தாங்கி ஒன்று சேர்த்தார்கள். இப்போது ஒருமுறை பற்றினால் நீண்ட நேரம் நின்று எரிகிறது, தாங்கி சூட்டை வைத்துக்கொள்கிறது. காற்றைப் பார்க்க, புகையில் மிஞ்சுகிற ஒட்சிசனை அளக்கிற லாம்ப்டா சென்சர் இருக்கிறது. காற்று குறைந்தால் கரி, கூடினால் சூடு புகைபோக்கியால் வெளியே போய்விடும்.

துஷி: மச்சான், இங்கே உமி போடுகிற அண்ணா ஒரேயடியாக நாலைந்து கூடை கொட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போவார். கொட்டின உடனே கறுப்பாக எழும்பும், பத்து நிமிஷத்தில் வெளுக்கும். மேல்மாடியிலிருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

அம்மா: தம்பி, நம்மட அம்மா உமி அடுப்பில் ஒரு கைப்பிடிக்கு மேல் போட விடமாட்டா. நினைவிருக்கா? பக்கத்திலேயே குந்தியிருந்து தள்ளுவா.

சிவம் மாமா: நினைவில்லாமல் என்ன அக்கா.

ஜீவன் (சுவிஸ்): அம்மம்மா செய்ததைத்தான் எங்கள் பொயிலரில் மோட்டர் செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. துஷி, உமி எங்கே கிடக்கிறது?

துஷி: [படம்] பின்வளவில், கூரையில்லாமல். மேலே காய்ந்திருக்கிறது, கையை உள்ளே விட்டால் ஈரம். பிடித்தால் கட்டியாக நிற்கிறது.

ஜீவன் (சுவிஸ்): மாமா, பொயிலருக்கு முதல் இதைப் பாருங்கள். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு போய்விடும். இன்றைக்கே படங்கு போடுங்கள்.

சிவம் மாமா: பழைய களஞ்சிய அறையில் நிரப்பி அடைத்துவிடட்டா?

ஜீவன் (சுவிஸ்): காய்ந்ததை மட்டும் மாமா, காற்றுப் போக வழியும் வேண்டும். ஈரமாகக் குவித்தால் உள்ளே சூடேறும். இங்கே பெலட் அறைக்குள் காற்றோட்டம் பார்க்காமல் இறங்கி ஆட்கள் செத்திருக்கிறார்கள். எரியாத பெலட்டிலிருந்தே காபன் மொனொக்சைட் வரும், மணமே இராது.

ஜீவன் (சுவிஸ்): அவியலுக்கு நடுவில் நெருப்பை அணைய விடுகிறீர்களா?

சிவம் மாமா: ஓம், அடுத்த தொட்டி நெல் ஊறும் வரைக்கும்.

ஜீவன் (சுவிஸ்): தொட்டிகளை முறை வைத்து ஊறப்போட்டு அடுத்தடுத்து அவித்தால் ஒருதரம் பற்றவைத்தால் போதும். பொயிலரை ஆறவிட்டுக் குழாய்களையும் தூரிகை போடுங்கள். புகைபோக்கி அடியில் வெப்பமானி ஒன்று வையுங்கள். புகைச் சூடு 20 பாகை கூடினால் ஏறக்குறைய ஒரு வீத எரிபொருள் நட்டம்.

*மறுவாரம் வியாழன்*

சிவம் மாமா: குழாய் துப்புரவாக்கினோம். நகத் தடிப்புக்குக் கரி. வெப்பமானி முதலில் 270 காட்டினது, இன்றைக்கு 225. உமி போடுகிற பெடியனுக்குச் சின்னக் கூடை வாங்கிக் கொடுத்தேன். தேத்தண்ணி இப்போது அவன் இருக்கிற இடத்துக்கே போகிறது.

ஜீவன் (சுவிஸ்): நல்லது மாமா! குழாயால் மட்டும் இரண்டு வீதத்துக்கு மேல் மிச்சம்.

ரஞ்சி: [படம்] இன்றைய சட்டை. கறுப்பு நல்லாகக் குறைந்துவிட்டது மாமா. ஆனால் சாம்பல் பொட்டுகள் இன்னும் விழுகின்றன. நரைத்த நிறம், விரலில் நறநறக்கிறது.

ஜீவன் (சுவிஸ்): அது உமிச் சாம்பல் அக்கா, பெரும்பகுதி சிலிக்கா. நன்றாக எரிந்தாலும் பறக்கும். புகைபோக்கிக்கு முன்னால் சைக்கிளோன் என்கிற தூசு பிரிக்கும் கூம்பு வேண்டும். புகை சுழன்று போகும்போது கனத்த தூசு கீழே விழுந்துவிடும். மிக நுண்ணியது அதிலும் தப்பும் மாமா, அதனால் ஆளைக் கூப்பிட்டு அளவெடுத்துச் செய்யுங்கள்.

சிவம் மாமா: சம்மாந்துறையில் தகட்டு வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அளக்க வருகிறார்.

ரஞ்சி: அதுவரைக்கும் பற்றவைக்கிற நேரத்தை எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் மாமா. சின்னவனின் யன்னலைச் சாத்திவிடுகிறேன்.

சிவம் மாமா: நாளைக்கு 3.15. ஒரு மணித்தியாலம் சாத்திவை மகள். புகை தெளிந்ததும் நானே சொல்கிறேன்.