புதுப்பிப்பு: உத்தரவாதப் பழுதுபார்ப்பில் காணாமல்போன மடிக்கணினிப் பாகங்கள் கிடைத்துவிட்டன

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்காக: விசைப்பலகை மாற்றுவதற்காக ஹட்டனிலிருந்து கொழும்புக்கு அனுப்பிய என் மடிக்கணினி, 16 ஜிபி ராமில் (கணினியின் தற்காலிக நினைவகம்) பாதி குறைந்தும் அடிமூடியில் இரண்டு திருகாணிகள் இல்லாமலும் திரும்பி வந்தது.

பழுதுபார்த்த நிலையத்துடன் தொலைபேசியில் மூன்று முறை பேசினேன். "நீங்கள் கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுத்தில் கேளுங்கள் என்று இங்கே ஓர் அண்ணன் சொன்ன யோசனைதான் பலித்தது. 16 ஜிபி என்று குறித்த கொள்வனவுப் பற்றுச்சீட்டு, அவர்களின் வேலைச்சீட்டு, ராம் செருகும் இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றே பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் (விண்டோஸில் கணினியின் நிலையைக் காட்டும் செயலி) திரைப்படம்பிடிப்பு ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். ஐந்து நாட்களில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன் என்றும் எழுதினேன். (சபையின் தொலைபேசி இலக்கம் 1977.) மறுநாளே அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். ராமும் திருகாணிகளும் கூரியரில் வந்தன.

எதிர்பாராத ஒன்று: அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்று, ஹட்டனில் ஒரு கடையில் அடிமூடியைத் திறந்தபோது, எஸ்எஸ்டியை (கோப்புகளைச் சேமிக்கும் அட்டை) பிடித்திருக்க வேண்டிய சின்னத் திருகாணியும் இல்லை. அட்டை ஒரு முனையில் மேலெழுந்து நின்றது. கணினி அடிக்கடி இயங்காமல் உறைந்து நின்றதும் இதனால்தான். நான் மழைக்கால ஈரத்தைச் சந்தேகித்திருந்தேன். கடைக்காரத் தம்பி 3 மில்லிமீற்றர் திருகாணி ஒன்றைப் போட்டு இறுக்கினார், காசு வாங்கவில்லை. இரண்டு வாரமாக ஒரு தடவைகூட உறையவில்லை.