அம்மாவின் முட்டும் அத்தையின் விரலும்

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டால் முட்டு வலியைப் பற்றிப் பேசாத நாள் இருக்காது. மடியில் சொளகு, அதில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால், கடைக்குப் பீடி கொண்டுபோகிற நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான்.

அம்மாவுக்கு வலது முட்டு வீங்கியது. "கொதிக்குட்டி, தொட்டுப் பாரு" என்றாள். இடது காலைவிட நல்ல சூடு. முட்டுச் சிரட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற குழி தெரியவே இல்லை, தூர்ந்துபோய் உருண்டையாக இருந்தது. அவளுக்கு ரத்த அழுத்தமும் உண்டு, சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். வலி மாத்திரை இரண்டுக்குமே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் மருந்தில்லாத வழிகளைத் தேட வேண்டி வந்தது.

இந்த வீக்கத்துக்குப் பெயர் அழற்சி. அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிந்து, நீரும் வெள்ளணுக்களும் திசுவுக்குள் கசிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால் வருபவை. ரோமாபுரிக்காரர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இந்த நான்கையும் எழுதி வைத்திருக்கிறார். காயம் ஆறுவதற்கு இது வேண்டும். ஆனால் அடங்காமல் மாதக்கணக்கில் நின்றால்தான் தொல்லை. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். தேய்கிற குருத்தெலும்பு மூட்டின் உள்சவ்வை உறுத்த, அது நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. வயிற்றில் சேர்ந்த கொழுப்பும் சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் மாற்றியது உட்காரும் விதத்தை. இதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "நாற்காலியில உக்காந்தா கை ஓடாதுட்டி" என்று ஒரேயடியாக மறுத்தாள். பின்னால் சாய்மானமுள்ள நாற்காலி, முன்னால் உயரமான ஸ்டூலில் சொளகு, காலுக்குக் கீழே ஒரு பலகை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். பழைய வேகம் வர நாளானது, ஆனால் வந்துவிட்டது. இடையிடையே எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருவாள். அந்த நாற்காலியிலேயே பயிற்சியும் உண்டு: காலை நேராக நீட்டி, தொடை இறுகும்படி மனதுக்குள் பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். தொடைத் தசை பலமானால் முட்டின் பாடு குறையும்.

ஆற்றில் தண்ணீர் நிதானமாகப் போகிற நாட்களில் படித்துறைப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கச் சொன்னோம். அந்த ஆழத்தில் உடம்பின் பாரத்தில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். தரையில் நடக்க முகம் சுளித்தவள் தாமிரபரணிக்குள் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தாள். எனக்கு அதுவே பெரிய தைரியம்.

சாப்பாட்டில் மிக்சரும் சீனி போட்ட டீயும் குறைந்தன. சாளைக் குழம்பு அடிக்கடி வந்தது. அந்த மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைத் தணிக்க உதவும். பொரித்துத் தின்பதைவிடக் குழம்பு மேல். மஞ்சள் சமையலில் போடுகிற அளவு போதும் என்று விட்டுவிட்டோம். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ சுமை குறைகிறது என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பீடிக் கணக்கு முடிக்க நடுராத்திரிவரை சுற்றுவதையும் நிறுத்தினாள். தூக்கம் கெட்டாலும் அழற்சி ஏறும். ஒத்தடத்தைப் பொறுத்தவரை, வீங்கிக் கொதிக்கும்போது துணியில் சுற்றிய ஐஸ், வெறும் விறைப்பென்றால் நொச்சி இலைச் சூடு. இப்போது வலி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரட்டைப் பக்கத்துக் குழி தெரிகிறது, படி ஏறுகிறாள்.

இதைப் பார்த்து எங்கள் அத்தையும் இதே வழியில் இறங்கினாள். அங்கேதான் கவனம் வேண்டும். அவளுக்கு இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒன்றுபோல வீங்கும். விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விரலை மடக்கி நூல் கட்ட முடியாது. அம்மாவுக்குக் காலை விறைப்பு கொஞ்சம் நடந்தாலே விட்டுவிடும். ரத்தப் பரிசோதனையில் அத்தைக்கு முடக்குவாதம் என்று தெரிந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிற நோய். அதற்கு நடையும் மீனும் துணைதான். மருந்தைத் தள்ளிப்போட்டால் மூட்டு கோணிவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. அவள் மாத்திரையும் சாப்பிடுகிறாள், பயிற்சியும் செய்கிறாள்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கினால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தையில் பெயரில்லாமல் விற்கிற மூட்டு வலிப் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

பத்தமடைப் பக்கம் பாய் நெய்கிறவர்களும் தரையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் வீட்டில் முட்டு வலிக்கு உட்காரும் விதத்தை எப்படி மாற்றினார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அம்மாவின் கூட்டாளிகள் சிலர் நாற்காலிக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.