மணலைத் தடுக்கும் படலத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

திருகோணமலையில் கண்ணாடி வேலை பழகும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

வேலை இதுதான். பூரணகும்பமோ பெயரெழுத்தோ, வேண்டிய உருவத்தை ஒளி புகும் தாளில் கறுப்பாக அச்சடிக்கிறோம். ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு படலத்தின் மேல் அந்தத் தாளை வைத்துக் கழியூதா விளக்கில் காட்டுகிறோம். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இளகினபடியே இருக்கும். இளஞ்சூட்டு நீரைப் பீச்சினால் அந்த இடம் வழுவழுத்துக் கரைந்து ஓடும். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கும்பத்தின் வடிவில் வெளிச்சம் வரும். அப்புறம் உலர்த்தி, கண்ணாடியில் ஒட்டி, அழுத்தக் காற்றால் மணல் அடித்தால் திறந்த இடம் மட்டும் வெளுக்கும்.

முதல் வரைவில் அச்சுத்தாளையும் மறைப்பு என்றேன், படலத்தையும் மறைப்பு என்றேன். இரண்டும் மறைக்கத்தானே செய்கின்றன. ‘மறைப்பைக் கண்ணாடியில் ஒட்டவும்’ என்ற வரியைப் படித்த பிள்ளை அச்சுத்தாளை ஒட்டி மணலடித்துவிட்டாள். விளிம்பால் மணல் புகுந்து தாள் கிழிந்து, கண்ணாடி முழுவதும் மங்கிப்போயிற்று. அவள் அழுதது இன்னும் மனதில் நிற்கிறது. என் சொல்லால் வந்த வினை அது.

இப்போது படலத்துக்கு ‘ஒளித்தடை’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

உப்புவெளியில் இருந்து

*

பிள்ளை,

ஒளித்தடை வேண்டாம். அதை விரித்துப் பார். ஒளியைத் தடுப்பது என்று இரண்டாம் வேற்றுமையாக விரித்தால் அது உன் கறுப்பு அச்சுத்தாள். ஒளியால் ஆன தடை என்று மூன்றாம் வேற்றுமையாக விரித்தால்தான் உன் படலம். படிக்கிற பிள்ளை முதலில் எதை விரிக்கும்? இரண்டாம் வேற்றுமையைத்தான். இன்னொரு கண்ணாடி போகும்.

‘ஒளியிறுகு படலம்’ என்று வை. ஒளியில் இறுகிய, இறுகுகின்ற, இறுகும் படலம்: முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. ஒற்று மிகாது, அச்சுக்காரர் ‘ப்’ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

மணல் அடிப்பதற்கும் ஒரு சொல் தருகிறேன், கேட்காவிட்டாலும். எங்கள் வீடுகளில் அம்மி பொளிவது உனக்கு நினைவிருக்கும். தேய்ந்த அம்மியில் மிளகாய் வழுக்கும். பொளிகிறவர் வந்து உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிவிட்டுப் போனால் மறுபடியும் பிடிக்கும். மணல் கண்ணாடியில் செய்வதும் அதுதான், ஆயிரமாயிரம் நுண்ணிய உளிகள். ஆகவே ‘மணற்பொளி’. பொள், பொள்ளல், பொளி, பொந்து எல்லாம் ஒரே குடும்பம். போழ், புழை இரண்டையும்கூட நான் அதில் சேர்ப்பேன். நம்மூர்ப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் குளக்கோட்டன் கல்வெட்டும் மீன் உருவமும் இருக்கின்றனவே, அவற்றுக்கு முன் நின்று பார். வெட்டுவது வேறு, பொளிவது வேறு என்று கல்லே காட்டும்.

சாம்பல்தீவில் இருந்து

*

வணக்கம்.

ஐயா சொன்ன வினைத்தொகை அழகு. ஆனால் பொருள் முழுமையாக இல்லை. நான் மின்னணுத் துறையில் இருக்கிறேன். சில்லு செய்வதிலும் இதே இனத்துப் பொருள்தான். அங்கே ஒளி பட்டால் இறுகும் வகையும் உண்டு, ஒளி பட்டால் கரையும் தன்மை பெறும் வகையும் உண்டு. இரண்டாவதை ஒளியிறுகு படலம் என்று எப்படிச் சொல்வது? ‘ஒளியுணர் தடுப்புப் படலம்’ என்றால் இரண்டும் அடங்கும்.

இன்னொன்று, ‘கழியூதா’ எங்கள் பக்கம் யாருக்கும் விளங்காது. புறஊதா என்று எழுதலாமே.

கோவையில் இருந்து

*

தம்பி,

கழியூதா விளங்காது என்று நன்னூல் படித்த ஊரில் இருந்து எழுதலாமா? ‘சால உறுதவ நனிகூர் கழிமிகல்’. கழி என்ற உரிச்சொல் மிகுதியைக் குறிக்கும். ஊதாவை மிஞ்சியது கழியூதா. எங்கள் பாடநூலில் பிள்ளைகள் படிப்பதும் அதுதான். புறம் என்பது வெறும் வெளி, அளவு அதில் இல்லை. கழிக்கு உப்பங்கழி என்ற பொருளும் உண்டு, அது வேறு கழி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஒளி பட்டு இளகுவதற்கு ‘ஒளியிளகு படலம்’ என்று வைத்துக்கொள்ளும். ஓரெழுத்து மாற்றம், வேலை முடிந்தது.

சாம்பல்தீவில் இருந்து

*

அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர்,

நான் பட்டறை வைத்திருப்பவன். இலக்கணம் ஐயாமாருக்கு. எங்களுக்கு அது ‘ஃபில்ம்’, கறுப்பு அச்சு ‘பொசிற்றிவ்’. உங்கள் பிள்ளைகள் நாளை என்னிடம் வேலைக்கு வந்தால் ‘ஒளியிறுகு படலத்தை எடு’ என்றா சொல்லப்போகிறேன்? ‘ஃபில்மை எடு’ என்பேன். அந்தச் சொல்லும் கையேட்டில் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய கவலை ‘மணல்’ என்ற சொல். நாங்கள் அடிப்பது கடற்கரை மணல் இல்லை, அலுமினியம் ஒட்சைட்டுத் தூள், துகளின் அளவில் 150 முதல் 220 வரையான இலக்கம். சிலிக்கா மணலை அடித்தால் தூசு நெஞ்சுக்குள் போய் நுரையீரலை இறுக்கிவிடும், திரும்ப வராது. பிரித்தானியாவில் 1949 விதிகளிலேயே அதைத் தடுத்துவிட்டார்கள். மணற்பொளி என்று படித்த பையன் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தால் யார் பொறுப்பு?

படலம் ஏன் தாங்குகிறது என்பதையும் எழுதுங்கள். இறுகினாலும் அது இறப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும், தூள் பட்டுத் தெறிக்கும். கண்ணாடி வளையாது, அதனால் சில்லுச் சில்லாக உதிரும். பற்றிக் துணியில் மெழுகு பூசுவது மாதிரி என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, ஃபில்ம் இருக்கிற இடத்தில் தூள் ஏறாது.

கிண்ணியாவில் இருந்து

*

எல்லோருக்கும் நன்றி.

மணல் பற்றிக் கிண்ணியா நானா சொன்னதைப் படித்த பிறகு அன்றிரவு நித்திரை வரவில்லை. எச்சரிக்கையை முதல் பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டேன். 1870 இல் டில்மன் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தபோது மணல் என்றார்கள். பெயர் தங்கிவிட்டது, பொருள் மாறிவிட்டது. அதனால் ‘தூள் வீச்சு’ என்று எழுதுகிறேன். ஐயா, பொளி என்ற சொல்லை விட மனமில்லை. ‘கண்ணாடி பொளிந்தது போல் சொரசொரக்கும்’ என்று ஒரு வரியில் வைத்திருக்கிறேன்.

படலத்துக்குக் குழுவில் நான்கு பேர் ஒளியிறுகு படலம் என்கிறார்கள், இருவர் ஃபில்ம் போதும் என்கிறார்கள். முதல்முறை ‘ஒளியிறுகு படலம், பட்டறையில் ஃபில்ம்’ என்று எழுதி, பிறகு படலம் என்று மட்டும் எழுதுகிறேன். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வரும் சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே இடம் விட்டிருக்கிறார், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றது ‘கறுப்பு அச்சுத்தாள்’. மறைப்பு என்ற சொல்லை நாற்பது பக்கத்திலும் தேடி எடுத்துவிட்டேன்.

உப்புவெளியில் இருந்து

*

அச்சிடுங்கள், நல்ல கையேடு. என் கருத்தை எதிர்ப்பாகவே குறித்துக்கொள்ளுங்கள். இறுகுவது ஒளியிறுகு, இளகுவது ஒளியிளகு, சரி. இரண்டுக்கும் பொதுவான பெயர் எது? அதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோவையில் இருந்து