மல்லி இன்னும் வாசற்கதவடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்

குழு: நம் வீட்டார்

செவ்வாய்

அம்மா, இரவு 9:48
நேற்று மாலை இரண்டு குட்டிகளையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்ததிலிருந்து நம் பூனை மல்லி நிலைகொள்ளாமல் அலைகிறாள். கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் துணிக்கூடைக்குள்ளும் மாறி மாறித் தேடிவிட்டு, வாசற்கதவடியில் உட்கார்ந்து, குட்டிகளைப் பால் குடிக்க அழைக்கும் அந்தத் தணிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைக்குட்டி பக்கத்திலேயே இருந்தும் தேடல் ஓயவில்லை. பிள்ளைகளைப் பிரித்த பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று எனக்கு உறக்கமே வரவில்லை.

அத்தை, இரவு 9:55
அண்ணி, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் பசும்பால் வைத்துப் பாருங்கள், வயிறு நிறைந்தால் அது அடங்கிவிடும்.

அண்ணன், இரவு 10:02
ஒரு குட்டி என் வீட்டில்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டட்டுமா? பார்த்துவிட்டால் மல்லிக்கு நிம்மதியாக இருக்குமே.

நான், இரவு 10:31
மருத்துவமனையில் இப்போதுதான் வேலை முடிந்தது, தாமதத்துக்கு மன்னியுங்கள். அம்மா, முதலில் பாவம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு 9 வாரம் நிறைந்துவிட்டது. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பது வரை கற்றுக்கொண்டு, தானாக உணவு தின்னப் பழகிய பிறகே அவற்றை அனுப்பியிருக்கிறோம். தவறு ஒன்று நடந்திருக்கிறது என்றால் அது என்னுடையது: இரண்டையும் ஒரே நாளில் அனுப்பாமல் சில நாள் இடைவெளி விடச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போயிருந்தால் பால் சுரப்பும் படிப்படியாகக் குறைந்திருக்கும், வீடும் ஒரே இரவில் வெறிச்சோடியிருக்காது.

நான், இரவு 10:40
அவள் அழைப்பது உண்மையான தேடல்தான், அதை நாம் சிறிதாக எண்ண வேண்டாம். பெரும்பாலான பூனைகளுக்கு அது சில நாள்களில் தணியும், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அண்ணா, குட்டியைக் கொண்டுவர வேண்டாம். பூனை தன் குட்டியை முக்கியமாக வாசனையால்தான் அறிகிறது. ஒரு வாரம் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு வரும் குட்டியின் மேல் வேறு வாசனை ஏறியிருக்கும், மல்லி அதைப் பார்த்துச் சீறவும் கூடும். அது நடக்காமல் போனாலும், அடங்கிவரும் தேடலை நாமே மறுபடி கிளறிவிட்டது போலாகும். மாறாக, மல்லி படுத்த துண்டு ஒன்றை வாங்கிச் சென்று குட்டியின் படுக்கையில் விரியுங்கள், புது இடத்தில் அதற்கு அது துணை.

நான், இரவு 10:44
அத்தை, பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. துயரத்தோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிடும்.

புதன்

அம்மா, காலை 7:15
அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மடிக்காம்புகள் இரு பக்கமும் புடைத்திருக்கின்றன. தொட விடுகிறாள், ஆனால் முகம் சுளிக்கிறாள். இரவு வைத்த உணவில் பாதி அப்படியே இருக்கிறது.

அத்தை, காலை 7:22
மடி கட்டிக்கொண்டால் மாட்டுக்குக் கறந்துவிடுவோமே, அதுபோல இலேசாகப் பீச்சிவிட்டால் என்ன?

அண்ணன், காலை 7:24
வலி இருந்தால் நாம் போடும் காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கொடுக்கலாமா?

நான், காலை 7:30
அண்ணா, தயவுசெய்து கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் ஈரலுக்கு இல்லாததால் மிகச் சிறிய அளவே உயிரைப் பறித்துவிடும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

அத்தை, பால் வெளியேற வெளியேற உடல் மேலும் சுரக்கும், ஆகவே கறக்கக் கூடாது. மடியில் தேங்கும் பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்தச் சொல்லும் செய்தி. அம்மா, இரு பக்கமும் ஒரே அளவில் புடைத்து, தொட்டால் மென்மையாக இருந்தால் அது பால் வற்றும் வழி என்று எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு மடி மட்டும் கல்போல் இறுகி, சூடாகி, சிவந்தோ ஊதா நிறமாகவோ மாறினால், அல்லது காம்பிலிருந்து சீழோ இரத்தமோ கசிந்தால், அது மடிவீக்கம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ், அதனால் கைக்குச் சற்றுச் சூடாகத் தெரிவதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவுகட்ட முடியாது. சோர்வையும் உணவையும் சேர்த்துப் பாருங்கள். முழுதாக ஒரு நாள் எதையும் தின்னாமல் இருந்தால் எனக்கு உடனே அழைப்பு விடுங்கள். பூனை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து பெரிய நோயாகிவிடும், அதில் மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது.

அம்மா, காலை 7:41
இரு பக்கமும் ஒரே அளவுதான், இறுக்கம் இல்லை. சினையாக இருந்தபோதிலிருந்து கொடுக்கும், குட்டிகளுக்கான உணவையே தொடரட்டுமா?

நான், காலை 7:46
இனி அவ்வளவு சத்து அவளுக்கு வேண்டாம், அதுவே சுரப்பைத் தூண்டிக்கொண்டிருக்கும். ஆனால் சட்டென்று மாற்றாமல், ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, பெரிய பூனைக்கான உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கடைக்குட்டியை இன்னும் பத்து நாள் வைத்திருப்போம், அதை எடுத்துக்கொள்ளும் வீட்டாரிடம் நானே பேசுகிறேன்.

படுக்கைத் துணிகளையும் ஒரே நாளில் துவைத்துப்போடாதீர்கள். எல்லாவற்றையும் உடனே துவைத்து வாசனையை நீக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது மனம் ஒப்பவில்லை. ஒரு துணியை விட்டுவைத்து, அவளே அதை நாடாமல் போகும்போது எடுத்துவிடலாம். மாலையில் கயிற்றில் கட்டிய இறகை ஓடவிட்டுப் பத்து நிமிடம் துரத்தவிடுங்கள், அது முடிந்த கையோடு உணவு வையுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, உடலை நக்கிச் சுத்தம்செய்து உறங்குவது பூனைக்கு இயல்பான ஒழுங்கு என்பதால், தூக்கி வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்வதைவிட இது அவளை நன்றாக அமைதிப்படுத்தும். மடியில் வந்து படுத்தால் தடவிக்கொடுங்கள், விலகிப் போனால் பின்தொடராதீர்கள்.

வெள்ளி

அம்மா, இரவு 8:20
இன்று இரண்டு வேளையும் முழுதாகத் தின்றாள். இரவில் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கையான காரியம் செய்கிறாள்: அப்பாவின் காலுறை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, அதே தணிந்த குரலில் அழைத்தபடி, குட்டிகள் படுத்திருந்த கூடைக்குள் கொண்டுபோய் வைக்கிறாள்.

நான், இரவு 8:35
பறிக்காதீர்கள் அம்மா, அதில் அவளுக்கு ஒரு கேடும் இல்லை. நூல் பிரிந்து விழுங்கிவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கதவு சன்னல்களைக் கவனமாக மூடிவையுங்கள். பால் மறந்த சில வாரங்களுக்குள் பூனை மறுபடி பருவத்துக்கு வந்துவிடும், சில பூனைகள் பாலூட்டும்போதே சினைப்பிடித்துவிடுவதும் உண்டு. அப்படி ஆனால் ஏறக்குறைய 65 நாளில் மறுபடி குட்டி போடுவாள், பிறகு இதே வேதனை மீண்டும் தொடங்கும். தரையில் புரண்டு, பின்புறத்தைத் தூக்கி, உரத்த குரலில் ஊளையிட்டால் அது குட்டிகளுக்கான அழைப்பு அன்று, பருவத்துக்கு வந்ததன் அடையாளம். மடி வற்றியதும் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிடுவோம்.

அத்தை, இரவு 8:41
உடனே இன்னொரு குட்டியைத் துணைக்கு விட்டால் மறந்துவிடாதா?

நான், இரவு 8:44
இப்போது வேண்டாம் அத்தை. அறியாத குட்டி அவளுக்குத் துணையாகத் தெரியாது, தன் எல்லைக்குள் நுழைந்த அயலானாகத்தான் தெரியும்.

ஞாயிறு

அண்ணன், காலை 9:10
துண்டை விரித்த பிறகு குட்டி இரவு முழுவதும் அழாமல் உறங்கியது.

அம்மா, காலை 9:26
மல்லி இன்று விடிந்ததும் கதவடிக்குப் போகவில்லை, சன்னல் திண்டில் வெயில் படும் இடத்தில் கடைக்குட்டியை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியும் நேற்றைவிடச் சுருங்கியிருக்கிறது. அறுவைக்கு நீயே நாள் பார்த்துச் சொல், அப்பா விடுப்பு எடுப்பதாகச் சொல்கிறார். அந்தக் காலுறையின் இணையையும் அவர் கூடைக்குள் போட்டிருக்கிறார்.