ஏடிசி12 பம்ப் பாடி மெஷினிங்குக்குப் பிறகு லீக் ஆகிறது: கோளாறு உலோகத்திலா, ஷாட்டிலா?

வார்ப்புப் பிரிவு (கேள்வி)

350 டன் கோல்டு சேம்பர் மெஷினில் (உருகிய உலோகத்தை ஸ்லீவ் என்ற குழாயில் ஊற்றி, பிளஞ்சரால் டைக்குள் தள்ளுவது; அந்த ஒரு தள்ளல்தான் ஷாட்) ஏடிசி12 என்ற அலுமினியக் கலவையில் பம்ப் பாடி ஓடுகிறது. வார்ப்பாகப் பார்த்தால் மேற்பரப்பில் குறையே இல்லை. பேரிங் போர் மெஷினிங் முடிந்து 1.5 பார் காற்றில் லீக் டெஸ்ட் வைத்தால் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தேறுவதில்லை.

விவரங்கள்: பாகம் 1.15 கிலோ, ஓவர்ஃப்ளோ (பாகம் நிரம்பி வழியும் உலோகம்) 150 கிராம், ரன்னர் (உலோகம் ஓடும் வழி), பிஸ்கட் (ஸ்லீவின் கடைசியில் மிஞ்சும் வட்டு) எல்லாம் சேர்த்து ஊற்றுவது 1.9 கிலோ. பிளஞ்சர் 70 மி.மீ., ஸ்லீவ் உள்நீளம் 560 மி.மீ. முதல் கட்ட வேகம் விநாடிக்கு 0.22 மீட்டர், இரண்டாம் கட்டம் 2.4 மீட்டர், மாறும் இடம் 370 மி.மீ. பிஸ்கட் 12 மி.மீ. கேட் (உலோகம் பாகத்துக்குள் நுழையும் வாய்) பரப்பு 230 சதுர மி.மீ., தடிமன் 1.8. சுவர் 3.5 மி.மீ., பேரிங் பாஸ் (போரைச் சுற்றிய தடித்த பகுதி) மட்டும் 14 மி.மீ. இன்டென்சிஃபிகேஷன் (நிரம்பியபின் கொடுக்கும் மூன்றாம் கட்ட அழுத்தம்) 550 பார். ரன்னர், ஓவர்ஃப்ளோவோடு நிழல் பரப்பு (டை திறக்கும் திசையில் பார்த்தால் தெரியும் பரப்பு) 420 சதுர செ.மீ.

செய்து பார்த்தவை: உலோக வெப்பத்தை 680-லிருந்து 710 டிகிரிக்கு ஏற்றினோம், மாற்றமில்லை. அழுத்தத்தைக் கூட்டினோம், ஃபிளாஷ் (டை இடுக்கில் பிதுங்கும் உலோகம்) வந்தது, பழையபடி இறக்கிவிட்டோம். ஸ்பிரேயையும் கூட்டியாயிற்று. அடுத்து இங்காட்டை (உருக்கும் உலோகக் கட்டியை) மாற்றலாமா, எல்எம்6 என்ற இன்னொரு அலுமினியக் கலவைக்குப் போகலாமா என்று பேச்சு ஓடுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

டைஷாப்

அறுத்துப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். லீக் ஆன பத்துப் பாகத்தைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று மார்க்கரில் குறியுங்கள். அதே இடத்தில் அறுத்து, 400, 800 எமரி பேப்பரில் தேய்த்து லென்ஸில் பாருங்கள்.

துளை உருண்டையாக, உள்சுவர் வழவழவென்று பளபளத்தால் அது அகப்பட்ட காற்று. உருண்டைதான், ஆனால் உள்ளே கறுத்திருந்தால் பிளஞ்சர் எண்ணெயோ ஸ்பிரேயோ எரிந்த புகை. ஓரம் கிழிந்தாற்போல், உள்ளே சொரசொரப்பாக, தடித்த இடத்தின் நடுவில் மட்டும் இருந்தால் சுருக்கத் துளை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நோய் கூடத்தான் செய்யும். 710 டிகிரிக்கு ஏற்றியது அப்படிப்பட்ட வேலைதான்: உலோகம் அதிக ஹைட்ரஜன் குடிக்கும், சுருக்கம் கூடும், டையில் ஒட்டும்.

வார்ப்புப் பிரிவு

அறுத்தோம். உருண்டைத் துளைகள் பாகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, பெரும்பாலும் பளபளப்பு, சிலது மட்டும் லேசான கறுப்பு. பாஸில் தனியாக, கிழிந்த மாதிரி ஒரு கூட்டம். அப்படியானால் இரண்டு நோயுமா?

ஷாட் கர்வ்

இரண்டும்தான். சிதறிக் கிடக்கும் உருண்டைகளை முதலில் தீருங்கள். பாஸை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

உருகிய ஏடிசி12-க்கு அடர்த்தி 2.5 என்று வைத்தால் 1.9 கிலோ என்பது 760 க.செ.மீ. 70 மி.மீ. பிளஞ்சரின் பரப்பு 38.5 ச.செ.மீ. ஆக ஸ்லீவை முழுதாக நிரப்பினால் இந்த உலோகம் 19.7 செ.மீ. நீளத்துக்குத்தான் வரும். 56-ல் 19.7 என்றால் 35 சதவீதம். மீதி 65 சதவீதம் காற்று. அதை உலோகத்துக்கு முன்னால் தள்ளி வெளியேற்றினால் பிழைத்தோம், உலோகத்துக்குள் மடித்துவிட்டால் லீக் டெஸ்டில் தெரியும். நிரப்பு 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: உலோகம் ஸ்லீவின் அடியில் மெல்லிய தகடாகப் பரவிச் சீக்கிரம் குளிரும், அந்தச் செதில்கள் போய்க் கேட்டை அடைக்கும்.

அடுத்தது முதல் கட்ட வேகம். பிளஞ்சர் மெதுவாகப் போனால் அலை முன்னால் ஓடி, ஸ்லீவின் கடைசியில் மோதித் திரும்பி வரும், வரும்போது காற்றைச் சுருட்டிக்கொள்ளும். மிக வேகமாகப் போனால் அலை பிளஞ்சர் முன்னாலேயே எழும்பி உடைந்து காற்றை மடிக்கும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. அதற்கான நடைமுறைக் கணக்கு:

0.115 × (1 − நிரப்பு விகிதம்) × மி.மீ. கணக்கில் விட்டத்தின் வர்க்கமூலம்.

உங்களுக்கு 0.115 × 0.65 × 8.37, அதாவது விநாடிக்கு 0.62 மீட்டர். நீங்கள் ஓட்டுவது 0.22. மூன்றில் ஒரு பங்கு! 'மெதுவாகத் தள்ளினால் காற்று நிதானமாக வெளியே போய்விடும்' என்பது இந்தத் தொழிலில் பரவலான நம்பிக்கை. முக்கால்வாசி நிரம்பிய ஸ்லீவுக்கு ஓரளவு சரியாக வரும், உங்களுடையதற்குச் சுத்தமாகப் பொருந்தாது.

மூன்றாவது, வேகம் மாறும் இடம். கேவிட்டியும் ஓவர்ஃப்ளோவும் சேர்த்து 1.3 கிலோ, 520 க.செ.மீ. அதை 38.5-ஆல் வகுத்தால் பிளஞ்சர் 135 மி.மீ. நகர வேண்டும். பிஸ்கட் 12 இருப்பதால் பிளஞ்சர் நிற்பது 548-ல். 548-லிருந்து 135 போனால் 413. உலோகம் கேட்டைத் தொடுவது அங்கேதான். நீங்கள் 370-லேயே வேகம் கொடுக்கிறீர்கள். பாதி நிரம்பிய ரன்னருக்குள் உலோகம் பீய்ச்சி அடித்து, அங்கிருக்கும் காற்றோடு கலந்தே கேட்டுக்குள் நுழைகிறது.

நாலாவது பிஸ்கட். 12 மி.மீ. பிஸ்கட் மூன்றாம் கட்ட அழுத்தம் வருவதற்குள் உறைந்துவிடும். அப்புறம் நீங்கள் 550 பார் வைத்தாலும் 900 வைத்தாலும் அது பிஸ்கட்டோடு நின்றுவிடும். பிளஞ்சர் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது 22–25 மி.மீ. வேண்டும்.

கேட் வேகம் மட்டும் சரியாக இருக்கிறது: 38.5 × 240 ÷ 2.3, சுமார் 40 மீட்டர். அலுமினியத்துக்கு 30–50 போதும். நிரம்பும் நேரம் 0.056 விநாடி, இந்தச் சுவருக்கு மோசமில்லை. அந்த இரண்டையும் கெடுக்காமல் மற்றதை மாற்றுங்கள்.

டைஷாப்

கணக்கு சரி. ஆனால் நிரப்பைக் கூட்டுவதற்காகச் சிறிய 60 மி.மீ. ஸ்லீவுக்கு இப்போதே ஓட வேண்டாம். முதலில் 70-லேயே பிஸ்கட்டை 24 ஆக்குங்கள். ஊற்றும் எடை சுமார் 115 கிராம் கூடும், நிரப்பு 37 சதவீதம், முதல் கட்டம் 0.60, மாறும் இடம் 400. ஊற்றும் துளையைப் பிளஞ்சர் தாண்டும் வரை 0.2-லேயே போகட்டும், பிறகு படிப்படியாக 0.60-க்கு ஏறட்டும். இல்லாவிட்டால் உலோகம் துளை வழியாகத் தெறிக்கும். ஊற்றியபின் ஒரு விநாடி நின்று அலை அடங்கினதும் ஷாட் விடுங்கள். மூன்று விநாடி நிற்காதீர்கள், குளிர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். டை சூடு நிலைக்க முதல் 15 ஷாட்டைத் தள்ளுங்கள், அடுத்த 30-ஐத் தனி டிரேயில் போட்டு அடையாளம் போடுங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்று அப்புறம் தேடக் கூடாது.

லேசான கறுப்புத் துளைக்கு: பிளஞ்சர் எண்ணெய் சொட்டுவதைக் குறையுங்கள். ஸ்பிரேயைக் கூட்டியதையும் பழையபடி வையுங்கள். ஊதி முடித்தபின் டையில் ஈரம் நின்றால் அது நீராவியாகி நேரே வார்ப்புக்குள் போகும். சில் வென்ட்டை (டையிலிருந்து காற்று வெளியேறும் இடுக்கை) கழற்றிப் பாருங்கள். அதன் இடைவெளி எண்ணெய்ப் பிசினால் அடைபட்டிருந்தால் வென்ட் இருந்தும் இல்லாததுதான். ஷிஃப்டுக்கு ஒரு முறை துடைக்க வேண்டிய பொருள் அது.

உருக்குத்தளம்

இங்காட் பற்றி நான் சொல்கிறேன். எல்எம்6-க்கு மாறுவது வேண்டாத வேலை. 12 சதவீத சிலிக்கான் என்பதால் உறையும் வீச்சு குறைவு, மணல் வார்ப்பிலும் கிராவிட்டியிலும் லீக் இல்லாமல் வரும், அந்தப் பெயரை வைத்துத்தான் இந்த யோசனை வருகிறது. ஆனால் ஸ்லீவில் சுருட்டிய காற்றுக்கு எந்த உலோகமானாலும் ஒன்றுதான். கூடவே எல்எம்6-ல் இரும்பு குறைவு என்பதால் டையில் ஒட்டும், மெஷினிங்கில் டூலில் இழுபடும்.

ஏடிசி12-ல் இரும்பு 0.8–1.0 இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் எச்13 எஃகு டையில் ஒட்ட ஆரம்பிக்கும். வெப்பத்தை 660–670-க்கு இறக்குங்கள். இறக்கும் முன் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டை எடுத்து இரும்பு + 2 × மாங்கனீஸ் + 3 × குரோமியம் என்று கூட்டிப் பாருங்கள். 1.8-ஐத் தாண்டினால் ஹோல்டிங் ஃபர்னஸ் அடியில் கடினமான சகதி சேரும். அது வார்ப்பில் வந்தால் போரிங் டூல் முனை பறக்கும்.

ஹைட்ரஜனைச் சந்தேகப்பட்டால் ஊகிக்க வேண்டாம். ஒரே லேடிலிலிருந்து இரண்டு மாதிரி, ஒன்று சாதாரணக் காற்றில், ஒன்று 80 மில்லிபார் வெற்றிடத்தில் உறையட்டும். அடர்த்தி 2.65-ம் 2.52-ம் வந்தால் வித்தியாசம் 4.9 சதவீதம். ரோட்டரி டீகேஸர் வைத்து நைட்ரஜன் விட்டபின் மறுபடி எடுங்கள். எண் நன்றாக இறங்கினால் வாயு இருந்திருக்கிறது. ரன்னர் ஸ்கிராப்பை எண்ணெயோடும் ஈரத்தோடும் திரும்பப் போடுகிற இடத்தில் இந்த எண் இறங்கவே இறங்காது.

வார்ப்புப் பிரிவு

வரிசையாகச் செய்தோம். பிஸ்கட் 24, பிறகு மாறும் இடம் 400, பிறகு 0.60. வெப்பம் 668. ஃபிளாஷ் இல்லை. உருண்டைத் துளைகள் பெரும்பாலும் போய்விட்டன. லீக் நூற்றுக்கு நாலு. அந்த நாலும் பேரிங் போரின் அடிப்பக்கத்தில்தான், வாய்ப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சத்தை இம்ப்ரெக்னேஷனுக்கு (துளைகளில் ரெசின் ஏற்றி அடைப்பது) அனுப்பிவிடலாமா? 60 மி.மீ. ஸ்லீவும் வாங்க வேண்டுமா?

டைஷாப்

அடிப்பக்கம் மட்டும் என்றால் போரை உருவாக்கும் கோர் பின்னின் டிராஃப்ட் (சாய்வு) எவ்வளவு, போர் ஆழம் எவ்வளவு, வாயில் மெஷினிங் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?

வார்ப்புப் பிரிவு

பக்கத்துக்கு 1.5 டிகிரி, ஆழம் 40 மி.மீ., வாயில் பக்கத்துக்கு 0.6 மி.மீ.

டைஷாப்

அங்கேதான் விஷயம். 40 மி.மீ. ஆழத்தில் 1.5 டிகிரி என்றால் 1.05 மி.மீ. சாய்வு. வாயில் 0.6 எடுக்கும் அதே போரிங் பார் அடியில் 1.65 எடுக்கிறது. டை சுவரை ஒட்டி உறையும் தோல்தான் கெட்டியான பகுதி, அரை மில்லிக்குச் சற்று மேலே போனாலே அது முடிந்து துளையுள்ள உட்புறம் வந்துவிடும். வாயில் தோல் மிச்சமிருக்கிறது, அடியில் நீங்களே சீவி எறிந்துவிட்டீர்கள்.

பின்னை 0.75 டிகிரிக்கு மாற்றினால் அடியில் 1.1-தான் எடுக்க வேண்டியிருக்கும். போர் ஊடுருவிப் போகிறது என்றால் இரண்டு பக்கமிருந்தும் பின் விட்டு நடுவில் சந்திக்க வையுங்கள், இன்னும் குறையும். சாய்வு குறைந்தால் வார்ப்பு பின்னைப் பிடிக்கும். எனவே இழுக்கும் திசையில் பாலிஷ், மேலே நைட்ரைடிங் அல்லது கோட்டிங் அவசியம்.

அதோடு பின்னுக்குள் ஜெட் கூலிங் கொடுங்கள். பாஸ் 14, சுவர் 3.5. சுவர் முதலில் உறைந்துவிடும், அதன் வழியாக அழுத்தம் பாஸுக்குப் போகாது. உள்ளே தனித்து நிற்கும் உலோகம் சுருங்கும்போது ஊட்ட ஆளில்லை. பின்னைக் குளிரவைத்தால் போரைச் சுற்றித் தோல் தடிக்கும், சுருக்கம் பாஸின் நடுவுக்குத் தள்ளப்படும். அங்கே இருந்தால் லீக் பாதை கிடையாது. ஸ்பிரேயால் இதைச் செய்ய முடியாது. அவ்வளவு சூடான எஃகில் தண்ணீர் ஒட்டாமல் ஆவிப்படலத்தின் மேல் மிதந்து ஓடிவிடும். இதுவும் போதாவிட்டால்தான் ஸ்குவீஸ் பின் (உறையும்போது பாஸை நேரடியாக அழுத்தும் பின்).

ஷாட் கர்வ்

ஸ்லீவ் பற்றி: இப்போதுள்ளது தேயும்போது 60 போடுங்கள், அவசரமில்லை. போடும் நாளில் பழைய செட்டிங்கை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். பிஸ்கட் 24 என்றால் ஊற்றும் எடை 1.96 கிலோ, நிரப்பு 49 சதவீதம், முதல் கட்டம் 0.45, மாறும் இடம் 352, கேட் வேகம் 40 நிற்க இரண்டாம் கட்டம் 3.3 மீட்டர்.

முக்கியமாக அழுத்தம். ஹைட்ராலிக் பக்கம் எதையும் தொடாவிட்டாலும் 70-க்குப் பதில் 60 என்றால் உலோகத்தின் மேல் 1.36 மடங்கு ஏறும். 550 பார் 748 ஆகும். 420 ச.செ.மீ. பரப்புக்கு அது சுமார் 320 டன், 350 டன் மெஷினில் ஃபிளாஷ் நிச்சயம். 650 பாருக்கு இறக்கினால் 278 டன், பூட்டுவிசையில் எண்பது சதவீதத்துக்குள் நிற்கும். இன்டென்சிஃபையர் ஏறும் நேரத்தையும் கர்வில் பாருங்கள். 1.8 மி.மீ. கேட் ரொம்பக் காத்திருக்காது. ஏற்றம் சோம்பலாக இருந்தால் அக்யுமுலேட்டரில் நைட்ரஜன் குறைந்திருக்கும்.

உருக்குத்தளம்

இம்ப்ரெக்னேஷன் தப்பில்லை. நுண்துளைக்குத்தான் அது. கண்ணுக்குத் தெரிகிற குழியில் ரெசின் நிற்காது, கழுவும்போதே வெளியேறிவிடும். மெஷினிங் முழுக்க முடிந்தபின், கட்டிங் ஆயிலைக் கழுவி நன்றாக உலர்த்தியபின் அனுப்புங்கள். துளைக்குள் எண்ணெய் இருந்தால் ரெசின் உள்ளே போகாது. 90 டிகிரி வெந்நீரில் இறுகி வந்தபின் திரும்ப லீக் டெஸ்ட். அதன் பிறகு போரில் மறுபடி டூல் வைத்தால் அடைத்ததெல்லாம் திறந்துகொள்ளும்.