சாம்பல் கிளி தன் இறகைத் தானே பிடுங்குகிறது: பறவை மருத்துவர் தேவை

பல்லடத்தில் எங்கள் வீட்டில் முறையாகப் பதிவு செய்து வளர்க்கும் 6 வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சித்திரை மாதத்திலிருந்து தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நெஞ்சிலும் இறக்கையின் அடியிலும் தோல் தெரிகிறது. அலகு எட்டாத தலையில் மட்டும் இறகுகள் குறையின்றி இருக்கின்றன. புதிதாக முளைக்கும் குருத்து இறகுகளையும் கடித்துவிடுவதால், அவற்றின் அடியில் இரத்தம் உறைந்து கருத்துக் கிடப்பதைப் பார்க்கவே மனம் பதறுகிறது. எடை குறையவில்லை, பசியும் இருக்கிறது.

உள்ளூர்க் கால்நடை மருத்துவர் எச்சத்தைப் பரிசோதித்து ஒட்டுண்ணி இல்லை என்றார். கிளிகளைத் தாக்கும் 'அலகு-இறகு நோய்' என்ற வைரஸ் நோய்க்கான பி.சி.ஆர். சோதனையிலும் கிருமி இல்லை. சூரியகாந்தி விதையைக் குறைத்து, பெல்லட் (குருணைத் தீவனம்), முருங்கைக்கீரை, கேரட் ஆகியவற்றுக்குப் பழக்கினோம். வறண்ட காற்றுக்காக அன்றாடம் நீர் தெளிக்கிறோம். பக்கத்துக் கொட்டகையில் இரவிலும் தறி ஓடத் தொடங்கிய பிறகே இது முற்றியதாக எனக்குப் படுவதால், கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, பொழுது சாய்ந்ததும் திரையிட்டு, 12 மணி நேரம் அமைதியாக உறங்க வழி செய்தோம். கடித்து விளையாடத் தேங்காய் மட்டை கொடுத்தும் பலனில்லை. இறகை அலகு எட்டாதபடி தடுக்கும் கழுத்துப் பட்டை மாட்டலாம் என்கிறார்கள். காரணம் தெரியாமல் அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை.

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில், கிளிகளுக்கு இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்து வைத்தியம் செய்யும் அனுபவமுள்ள மருத்துவர் எங்கே இருக்கிறார்?