பப்ளிசிஸ் நிறுவனர் பெயரில் 'பிளான்ஷே' எப்படி வந்தது?

கேள்வி: பிரெஞ்சு விளம்பர நிறுவனமான பப்ளிசிஸை 1926-ல் தொடங்கியவர் மார்செல் பிளூஸ்டைன். பிற்காலத்தில் மட்டும் பிளூஸ்டைன்-பிளான்ஷே என்று வருகிறது. மனைவி வீட்டுப் பெயரா?

பதில் 1: இல்லை. நாஜிக்கள் பிரான்ஸைப் பிடித்திருந்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் அவர் வைத்துக்கொண்ட மறைபெயர் அது. யூதர் என்பதால் நிறுவனமும் கைவிட்டுப் போயிருந்தது. போர் முடிந்ததும் பெயரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார்.

பதில் 2: எனக்கு அவரிடம் பிடித்தது வானொலிக் கதைதான். 1930-களின் நடுவில் அரசு வானொலியில் விளம்பரத்துக்குத் தடை வந்தது. சரி, நாமே ஒரு நிலையம் வைத்துக்கொள்வோம் என்று ஒரு தனியார் நிலையத்தை வாங்கி, ரேடியோ சிட்டே என்று பெயர் மாற்றினார். போருக்குப் பின் ஒலிபரப்பு அரசின் ஏகபோகம் ஆகிவிட, அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. நாட்டுக்காகப் போராடியவருக்கு இது கொஞ்சம் அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விளம்பரத் தொழிலை மட்டும் மறுபடி அடியிலிருந்து கட்டினார்.

கேள்வி கேட்டவர்: நன்றி! பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் இருக்கும் 'டிரக்ஸ்டோர்' என்ற கடை அவர் தொடங்கியதுதானே?

பதில் 2: ஆமாம், 1958-ல் திறந்தது. 1972-ல் தலைமையகத்தோடு எரிந்துபோனது. மாரிஸ் லெவி என்ற இளம் கணினிப் பொறுப்பாளர் தகவல்களைக் காந்த நாடாக்களில் நகல் எடுத்து வைத்திருந்ததால் நிறுவனம் சீக்கிரம் எழுந்தது. அப்புறம் அதே லெவிதான் தலைவரானார்.